காலுக்கு ஓய்வு, நெஞ்சுக்கு வேலை: குதிரையை நீந்தவிடும் முன்

இங்கிலாந்தின் சவுத்போர்ட் கடற்கரையில் ஜிஞ்சர் மெக்கெய்ன் பழக்கிய ரெட் ரம் என்ற குதிரைக்குக் குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி. கடல்நீரிலும் ஈர மணலிலும் வேலைசெய்து தேறிய அந்தக் குதிரை 1973, 1974, 1977 என மூன்று முறை கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. கால்நோவு கண்ட குதிரைக்குத் தண்ணீர் நல்லது என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுப்பது இந்தக் கதையைத்தான். கதை உண்மைதான். ஆனால் அதில் வருவது அலை நனைக்கும் ஆழத்தில் நடந்ததும் ஓடியதும். குளம்பு தரையைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

ஆழத்தில் நீந்துவது அதுவல்ல. குளம்பு தரையை விட்ட நொடியிலேயே காலின் சுமை இறங்கிவிடுகிறது. அந்தச் சுமை நுரையீரலுக்கும் இதயத்துக்கும் முதுகுக்கும் போய்ச் சேர்கிறது. நீச்சல் குளத்தில் நடக்கும் விபத்துகளில் பல இதை மறந்ததால் வருபவை. காலைப் பார்த்துக் குதிரையைக் குளத்துக்கு அனுப்புகிறோம். அனுப்பலாமா என்பதை மூக்கையும் முதுகையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நீரின் ஆழத்துக்கு ஏற்ப எடை எவ்வளவு குறைகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. முன்னங்காலின் முழங்கை மட்டம் வரை நீர் நின்றால் கால்கள் தாங்கும் எடை 10 முதல் 15 சதவீதம் குறையும். தோள் முனை வரை நின்றால் 30 முதல் 35 சதவீதம். இடுப்பெலும்பு மூழ்கும் அளவுக்கு நின்றால் ஏறக்குறைய 75 சதவீதம். காலுக்குக் கொஞ்சம் ஓய்வு போதுமென்றால் நீர் டிரெட்மில்லோ (நீர்த்தொட்டிக்குள் ஓடும் பட்டைமேல் குதிரையை நடத்தும் கருவி), சமதரையுள்ள ஆழமற்ற நீரில் நடையோ போதும். காலுக்கு எந்த அடியும் படக்கூடாது, ஆனால் மூச்சுத் திறன் குறையவும் கூடாது என்ற நிலையில்தான் நீச்சல் பொருந்தும். குளம்பில் கன்றிப்போனது, பந்தயக் குதிரைக் குட்டிகளுக்கு முன்காலெலும்பில் வரும் நோவு, மூட்டில் எலும்புச் சில்லை எடுத்த அறுவைக்குப் பின் ஆறிய நிலை போன்றவை அதற்கு ஏற்றவை.

நீருக்குள் மூச்சு எப்படிப் போகிறது

குதிரை வாயால் மூச்சுவிட முடியாத பிராணி. காற்று போக வர மூக்குத் துளைகள் மட்டுமே வழி. நீந்தும்போது அந்த மூக்கு நீர்மட்டத்துக்குச் சில அங்குலம் மேலேதான் இருக்கும். மார்பு முழுவதும் நீருக்குள். மார்பின் நடுப்பகுதி அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால், வெளியிலிருந்து அதை அழுத்தும் நீரின் விசை ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் பாதரசம். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கவும் விலா எலும்புகள் அந்த விசையைத் தள்ளி விரிய வேண்டும்.

அதனால் நீந்தும் குதிரை தரையில் ஓடும் குதிரையைப் போல மூச்சுவிடாது. ஓட்டத்தில் காலடியும் மூச்சும் ஒரே தாளத்தில் போகும். நீரில் அது சட்டென்று இழுத்து, நெஞ்சுக்குள் அடைத்து வைத்து, பிறகு உரக்கச் சீறி வெளியே விடும். அடைத்து வைத்த காற்றுதான் அதற்கு மிதவை. மூச்சின் எண்ணிக்கை குறைகிறது, இதயமோ நிமிடத்துக்கு 150 முதல் 180 வரை துடிக்கிறது, பதறும் குதிரைக்கு 200ஐ எட்டும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு அது 28 முதல் 44 வரைதான். காலில் இருந்த ரத்தத்தில் ஒரு பங்கும் நீரின் அழுத்தத்தால் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, சில குதிரைகளுக்கு அவை வெடித்து ரத்தம் கசியும். பந்தயத்தில் மூக்கில் ரத்தம் வந்த குதிரையை, கால் எவ்வளவு நோவுடன் இருந்தாலும், நீந்தவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அதே காரணத்தால் தவிர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இருமல், சளி, காய்ச்சல் உள்ள குதிரை. இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உள்ள குதிரை. குரல்வளையை ஒரு பக்கமாக இழுத்துத் தைத்த அறுவை செய்துகொண்ட குதிரைக்கு நீர் உள்ளே போகும் வாய்ப்பு கூடுதல், அதைச் செய்த மருத்துவரைக் கேட்காமல் இறக்கக் கூடாது. கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை போட்டிருந்தால் பேச்சே வேண்டாம். அந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும், குதிரை கரையில் நிற்பவர் கண்முன்னேயே மூழ்கிவிடும்.

அடுத்தது முதுகு. நீந்தும் குதிரை தலையைத் தூக்கி, முதுகைக் குழியவிட்டு, பின்னங்கால்களால் வலுவாக உதைக்கும். முதுகுவலி, இடுப்பு மூட்டு நோவு, பின்னங்கால் முட்டிக் கோளாறு உள்ள குதிரைக்கு இந்த உதை மருந்தாகாது, காயத்தைக் கூட்டும். முன்னங்கால் நோவுக்காக அனுப்பிய குதிரை மூன்று வாரத்தில் முதுகுவலியோடு திரும்புவது இப்படித்தான். தையல் போட்ட காயம் இருந்தால் தையல் பிரித்து, தோல் முழுதாக மூடும்வரை நீர் ஆகாது. தையல் பிரிக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், அதன்பிறகும் சில நாள் பொறுப்பதே நல்லது. தோலில் படர்தாமரை போன்ற தொற்று இருந்தால் அதற்காக மட்டுமல்ல, அடுத்து அதே நீரில் இறங்கும் குதிரைகளுக்காகவும் நிறுத்த வேண்டும்.

குளம் எப்படி இருக்க வேண்டும்

நேராக நீளும் குளம், வட்டக் குளம், லாட வடிவக் குளம் என்று பல உண்டு. எதுவானாலும் நீந்தும் பகுதியின் ஆழம் 3 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இரண்டு மீட்டர் ஆழக் குளம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதுதான் மோசம். பின்னங்குளம்பு தரையைத் தொட்டதும் குதிரை அதில் உந்தி எழும், நிமிர்ந்து நிற்கும், மல்லாக்கச் சாயும். தொட முடியாத ஆழத்தில்தான் அது ஒழுங்காக நீந்தும்.

வழியின் அகலம் இரண்டரை முதல் மூன்று மீட்டர். அதைவிட அகலமானால் குதிரை நடுவில் திரும்பப் பார்க்கும், குறுகலானால் விலாவையும் இடுப்பெலும்பையும் சுவரில் இடிக்கும். சுவர் வழவழப்பாகவும் முனைகள் உருண்டும் இருக்க வேண்டும். ஏணி, கொக்கி, நீர் உறிஞ்சும் குழாயின் திறந்த வாய் எதுவும் குதிரையின் கால் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இரு கரையிலும் ஆள் தடையில்லாமல் நடக்க வழி வேண்டும். இறங்கும் சரிவு நீளமாகவும் மெதுவாகவும், நீருக்குள் வெகுதூரம் வரையிலும் வரிப்பள்ளம் போட்ட ரப்பர் விரிப்புடனும் இருக்க வேண்டும். விரிப்பின் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று தினமும் காலால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிரிந்த ஓரத்தில் குளம்பு மாட்டினால் மிச்சமிருக்கும் தசைநாணும் போய்விடும்.

நீரின் தரம் பற்றிச் சுருக்கமாக. அழுக்கோடு சேராமல் நிற்கும் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2 முதல் 7.6. நீரில் இறங்கும்போது சாணம் போடுவது குதிரைகளின் வழக்கம், அதை உடனே வலையால் அள்ளிவிட வேண்டும். சாணமும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்தால் கண்ணைக் கரிக்கும் வாடை எழும். ஆளுக்கு அந்த வாடை லேசாகத் தெரிகிறதென்றால், நீர்மட்டத்தை ஒட்டி மூக்கை வைத்து முழு மூச்சையும் இழுக்கிற குதிரைக்கு அது பலமடங்கு. கூரை போட்ட குளத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் இருமல் கட்டாயம் வரும்.

கயிறும் தலைவாரும்

கடிவாள இரும்பு வேண்டாம். இரும்பை இழுக்கும்போது வாய் திறக்கும், திறந்த வாய்க்குள் நீர் போகும். நன்றாகப் பொருந்தும் தலைவார் (ஹெட்காலர்), அதாவது இரும்பில்லாத தலைப்பட்டை போதும். அதன் மூக்குப்பட்டை கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே, எலும்பு இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். இரண்டு விரல் கீழே இறங்கி மென்மையான பகுதியில் உட்கார்ந்தால், கயிறு இறுகும்போதெல்லாம் மூக்குத் துளையை நசுக்கும். நீந்தும் குதிரைக்கு அது கழுத்தை நெரிப்பதற்குச் சமம். மூக்கின்மேல் சங்கிலி போடுவதும் இதே காரணத்தால் கூடாது. தொண்டைப் பட்டை தளர்ந்திருந்தால் நடுக்குளத்தில் தலைவார் கழன்று வந்துவிடும், அப்புறம் குதிரையைக் கரைக்குக் கொண்டுவரப் பிடியே இருக்காது.

இருபக்கமும் இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் 5 அல்லது 6 மீட்டர். நுனியில் முடிச்சு கூடாது. குதிரையைச் சுவரிலிருந்து தள்ளிவைக்க, தலைவாரில் மாட்டக்கூடிய நீளக் கம்பும் பல குளங்களில் உண்டு. பிடிப்பவர்கள் கையுறை, வழுக்காத மூடிய காலணி, மிதவை உடுப்பு அணிய வேண்டும். இருவருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொரு குதிரைப் பராமரிப்பாளருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரை டன் எடையுள்ள பிராணி பதறித் திமிறினால் சுற்றிய கையோடு ஆளும் உள்ளே போவார். இடுப்பில் ஒரு கத்தி இருக்கட்டும்.

காலில் துணிக்கட்டு போட்டு இறக்காதீர்கள், ஊறி அவிழ்ந்து சிக்கும். தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் குதிரையானால் ஒட்டிப் பிடிக்கும் நியோப்ரீன் காலுறை போடலாம். பின்னங்கால் லாடத்தையாவது கழற்றிவிடுவது நல்லது. முதல் வாரத்தில் குதிரை தாறுமாறாகத்தான் உதைக்கும், இரும்போடு உதைத்தால் முன்னங்கால் குதி கிழியும்.

முதல் நாட்கள்

தானியத் தீவனம் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழிந்த பிறகுதான் நீச்சல். முதலில் 10 முதல் 15 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். குழாய்நீரால் காலிலிருந்து மேல்நோக்கி நனைத்து, அழுக்கையும் வியர்வையையும் கழுவுங்கள். சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கும் அதிர்ச்சி இதனால் குறையும்.

முதல் நாள் நீந்தவே வேண்டாம். சரிவில் இறங்கி வயிறு தொடும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு, அமைதியாகத் திரும்பி வந்தால் அன்றைய வேலை முடிந்தது. பழகிய குதிரை ஒன்று முன்னே போனால் புதியது தானாகப் பின்தொடரும். பின்னாலிருந்து சாட்டை காட்டித் தள்ளுவதால்தான் குதிரை தாவிக் குதிக்கிறது. தாவினால் தலை முழுக மூழ்கும், முதல் மூச்சே நீராகப் போகும், அந்தக் குதிரை அதன்பிறகு எந்நாளும் குளத்தை நம்பாது.

அடுத்த முறை 20 அல்லது 30 மீட்டர், ஒரே ஒரு தடவை. புதிய குதிரைக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வெளியேறும் சரிவருகே தயாராக நிற்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு நிமிட நீச்சல், இரண்டு மூன்று நிமிட ஓய்வு என்று மாற்றி மாற்றி, மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை கொண்டுபோகலாம். வெளியே வந்த இரண்டு நிமிடத்தில் நாடித்துடிப்பு 100க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்று இன்னொரு சுற்று கிடையாது. வட்டக் குளமானால் ஒவ்வொரு நாளும் திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கத் தசை மட்டும் தடிக்கும்.

நீரில் இருக்கும்போது கயிறு தளர்வாக, தாடை மட்டத்திலேயே இருக்கட்டும். குதிரை மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் தலையை மேலே தூக்கிப் பிடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தலை உயர்ந்தால் பின்புறம் தாழும். பின்புறம் தாழ்ந்த குதிரை மாடிப்படி ஏறுவதைப் போல முன்னங்கால்களால் நீரை அடித்துக்கொண்டு செங்குத்தாக நிற்கும். உடனே பிடியைத் தளர்த்திக் கழுத்தை முன்னால் நீள விடுங்கள், முதுகு தானாக மேலே வரும். கீழ்நோக்கி இழுப்பது இன்னும் மோசம், மூக்கே நீருக்குள் போய்விடும்.

நன்றாக நீந்தும் குதிரையின் சீறல் ஒரே சீராகக் கேட்கும், காதுகள் அசையும், முதுகுக்கோடு நீரை ஒட்டிக் கிடையாக இருக்கும். சீறல் தாறுமாறாவது, காது பின்னால் ஒட்டுவது, கண்வெள்ளை தெரிவது, உடல் ஒரு பக்கம் சாய்வது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் அருகிலுள்ள சரிவுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். பக்கவாட்டில் சாய்ந்துவிட்டால் இரு கயிற்றாலும் மூக்கை நீருக்கு மேலே வைத்தபடி சரிவுவரை இழுத்துவரலாம், மிதக்கும் குதிரையை இழுக்கப் பெரிய பலம் தேவைப்படாது. யாரும் உள்ளே குதிக்கக் கூடாது. சில குதிரைகளுக்கு எத்தனை முறை பழக்கினாலும் நீச்சல் வராது. மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், அவற்றுக்கு நீர் டிரெட்மில் இருக்கிறது.

வெளியேறும் பத்து அடி

ஆறிவரும் தசைநாணுக்கு ஆபத்து நீருக்குள் அல்ல, சரிவில் ஏறும்போது. எடையே தெரியாமல் இருந்த காலில் நான்கைந்து அடிக்குள் முழு எடையும் திரும்புகிறது. தசை களைத்திருக்கிறது, குளம்பு ஈரம், குதிரைக்கோ சீக்கிரம் வெளியே போகும் அவசரம். அது பாய்ந்தேறினால் அதுவரை நீந்திய பலன் அனைத்தும் ஒரு நொடியில் போகும். குளம்பு தரை தொட்டதும், மார்பளவு நீரிலேயே நிறுத்தி இரண்டு மூன்று மூச்சு விடச்செய்து, பிறகு நடையில் ஏற்றுங்கள். பழக்கத்தால் இதைக் கற்றுக்கொடுக்க முடியும். பிடிப்பவர் எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், முன்னால் நிற்பவரை அது மிதித்துக்கொண்டு போகும்.

மேலே வந்ததும் உடலை உதறும், பிறகு புரளப் பார்க்கும். நோயுள்ள கால் இருக்கும்போது மணலில் புரள விடாமல் நடத்திக்கொண்டே போங்கள். மூக்கைப் பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் நீச்சலை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூக்கு வழியே உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயை வைத்தால் கசிவு எங்கே என்று தெரியும். நீரை விழுங்கியதாகவோ மூச்சுக்குழாயில் போனதாகவோ சந்தேகம் இருந்தால் மூன்று நாளைக்குக் காலை மாலை காய்ச்சல் பாருங்கள். 38.5 டிகிரிக்கு மேல் போனால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்.

நீச்சலுக்குப் பின் வயிற்றுவலி காட்டும் குதிரைகளும் உண்டு. தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது என்று தெரியும். இரண்டு மணி நேரமாவது கண்ணில் படும்படி வைத்திருங்கள், லாயத்தில் விட்டுக் கதவை அடைத்துவிட்டுப் போகாதீர்கள். இன்னொன்று, நீரில் குதிரைக்கு வியர்க்கும், ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஓடவிட்ட நாளில் போலவே குடிநீரும் உப்பும் கொடுக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே இருக்கும் மடிப்பைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். அடிக்கடி ஊறும் தோல் அங்கேதான் வெடிக்கும், குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மென்மையான தவளைப்பகுதியும் அழுகத் தொடங்கும்.

கடலும் ஏரியும்

பார்படாஸ் தீவில் காரிசன் சவன்னா பந்தயத் திடலின் குதிரைகளை விடியற்காலையில் அருகிலுள்ள பெப்பிள்ஸ் கடற்கரைக்குக் கொண்டுவந்து நீரில் இறக்குவது பார்க்க அழகான காட்சி. அலை குறைந்த, மணல் தரையுள்ள விரிகுடா என்பதால் அங்கே அது முடிகிறது. அலையடிக்கும் திறந்த கடலில் இடுப்பளவு ஆழத்துக்கு மேல் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். இழுநீர் இழுத்தால் குதிரை கரை எந்தப் பக்கம் என்று தேடாது, கண்ணில் பட்ட திசையில் நீந்தும்.

ஏரியிலும் கண்மாயிலும் ஆபத்து ஆழமல்ல, சேறு. குளம்பு சேற்றில் புதைந்தால் குதிரை எம்பி எம்பி இழுத்தே தசையைக் கிழித்துக்கொள்ளும். நீங்களே முதலில் இறங்கி, போகும் வழி முழுதும் காலால் அளந்துவிட்டு, ஏறும் இடம் கெட்டியான தரையா என்று பாருங்கள். தேங்கிய நீரானால் எலிக்காய்ச்சல் கிருமியும் நினைவில் இருக்கட்டும்.

எப்போது நிறுத்துவது

நீச்சலால் எலும்பு வலுவாகாது. எலும்பும் தசைநாணும் சுமையைத் தாங்கித்தான் உறுதிப்படும், அந்தச் சுமை நீரில் இல்லை. இரண்டு மாதம் நீந்திய குதிரை மூச்சில் பந்தயத்துக்குத் தயாராக இருக்கும், காலில் இருக்காது. அதன் உற்சாகத்தைப் பார்த்து நேராக ஓடவிட்டால் எலும்பில் விரிசல் விழும். காலின் பின்புறம் ஓடும், விரல் மடக்கும் மேல்தசைநாண் கிழிந்த குதிரைக்கு ஆற 9 முதல் 12 மாதம் ஆகும். புதிய இழைகள் ஒரே வாக்கில் அமைய, அளந்து கூட்டும் நடைதான் வேண்டும். ஆகவே நீச்சல் நாட்களுக்கு இடையிலேயே கெட்டித் தரையில் நடை இருக்க வேண்டும். முதலில் 10 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, அல்ட்ராசவுண்ட் பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே துள்ளுநடை. தரை வேலை ஏற ஏற, நீச்சலை வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டு, பிறகு ஒன்று என்று குறையுங்கள்.